ஒரு காது அவுட்: 'ஃப்ரீ ஜாஸ்' ஆல்பத்தில் ஆர்னெட் எங்கே போனார்?

#1 ஒத்தைக்காது

வணக்கம் மக்களே. மானம் போற விஷயம் ஒண்ணு சொல்லப்போறேன், கொஞ்சம் பொறுமையா படிங்க.

ஜாஸ் சாக்ஸபோன்காரர் ஆர்னெட் கோல்மனோட 'ஃப்ரீ ஜாஸ்' ஆல்பத்தை மூணு வாரமா பஸ்ல கேட்டுட்டு வர்றேன். ஆல்பம் 37 நிமிஷம். ஆபீஸ் போறப்ப ஒரு தடவை, திரும்பி வர்றப்ப ஒரு தடவை. கேட்கக் கேட்க ஒரு குழப்பம். அட்டையில ஆர்னெட் பேர் இருக்கு, ஆனா அவரோட சாக்ஸபோன் பக்கத்து வீட்டுல யாரோ வாசிக்கிற மாதிரி லேசா கசியுது, அவ்வளவுதான். பேஸ் கிளாரினெட், டிரம்பெட், ஒரு பேஸ் (ஆளுயர டபுள் பேஸ்), ஒரு டிரம்ஸ், இதுதான் பளிச்சுன்னு கேட்குது. சரி, தலைவர் தன் ஆல்பத்துலயே தள்ளி நின்னுக்கிட்டார், இதுதான் அந்த 'ஃப்ரீ' போலன்னு நானே ஒரு தத்துவம் கட்டிட்டேன். ஒரு ஃபிரெண்டுக்கு இதைப் பத்து நிமிஷம் விளக்கவும் செஞ்சேன்.

முந்தாநாள் இயர்போனை மாட்டிக்கிட்டே அம்மாகிட்ட பேசுறேன், இடது பக்கம் கப்சிப். எப்ப செத்துச்சுன்னே தெரியல. மூணு வாரமா பாதி ஆல்பம்தான் கேட்டிருக்கேன்!

கேள்வி என்னன்னா, வலது காதுல எனக்குக் கேட்ட பேஸ் யாரு? அந்த ஆளை எனக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. இடது பக்கமும் ஒரு பேஸ் இருக்காமே. ஒரு பாட்டுக்கு ரெண்டு பேஸ் எதுக்கு?

#2 சில்லறை

தலைவர் தள்ளி நின்ன தத்துவம்! ஐயோ, ஆபீஸ்ல சத்தமா சிரிச்சுட்டேன். அந்த ஃபிரெண்டுகிட்ட உண்மையைச் சொல்லிட்டீங்களா?

#3 ஒத்தைக்காது

இன்னும் இல்ல. சொல்றதாவும் இல்ல.

#4 செவிவழி

தம்பி, காது போனதற்கு அனுதாபங்கள். ஆனால் தெரியாமலே நல்ல பயிற்சி ஒன்று செய்திருக்கிறீர்கள். அந்தப் பதிவையே இரண்டு நால்வர் குழுக்களாகப் பிரித்துத்தான் எடுத்தார்கள். 1960 டிசம்பர் 21, நியூயார்க். எட்டுப் பேரும் ஒரே அறையில், ஒரே மூச்சில். அதனால்தான் ஆர்னெட் உங்களுக்குப் பக்கத்து வீட்டில் கேட்டார்.

இடது பக்கம் ஆர்னெட் கோல்மன், டிரம்பெட்டில் டான் செர்ரி, பேஸில் ஸ்காட் லஃபாரோ, டிரம்ஸில் பில்லி ஹிக்கின்ஸ். வலது பக்கம் பேஸ் கிளாரினெட்டில் எரிக் டால்ஃபி, டிரம்பெட்டில் ஃப்ரெடி ஹப்பர்ட், டிரம்ஸில் எட் பிளாக்வெல். உங்களுக்குப் பிடித்துப்போனவர் சார்லி ஹேடன்.

ஹேடன்தான் ஆர்னெட்டின் பழைய பேஸ்காரர். 1959 நவம்பரில் 'ஃபைவ் ஸ்பாட்' கிளப்பில் அந்தக் குழு வந்து இறங்கியபோது நியூயார்க்கே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. அன்று பேஸ் பிடித்து நின்றவர் 22 வயது ஹேடன். பியானோ கிடையாது, கிடார் கிடையாது. ஓர் இரவு ஹேடன் கண்ணை மூடி வாசித்துக்கொண்டிருந்தாராம். கண்ணைத் திறந்தால் பேஸின் மரத்தில் காதை ஒட்டவைத்துக்கொண்டு ஒருவர் நிற்கிறார். புகழ்பெற்ற ஆர்கெஸ்ட்ரா நடத்துநர் லெனர்ட் பெர்ன்ஸ்டைன்! இதை ஹேடனே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

1960இன் பின்பாதியில் ஹேடனின் போதைப்பழக்கம் முற்றியது. அவருடைய இடத்துக்கு லஃபாரோ வருகிறார். அந்தச் சமயத்தில்தான் இந்தப் பதிவு. இடம் விட்டவரும் இடம் பிடித்தவரும் ஆளுக்கொரு காதில். முகம் திருப்பிக்கொண்ட இருவர் என்று நினைத்துவிட வேண்டாம், லாஸ் ஏஞ்சலஸில் ஒரே வீட்டைப் பகிர்ந்து வாழ்ந்த நண்பர்கள்.

ஒரு கொசுறு. டால்ஃபி அதே நாளில் தன் சொந்த ஆல்பமான 'ஃபார் க்ரை'யையும் பதிவுசெய்தார். அதில் பேஸ் ரான் கார்ட்டர். ஒரே நாளில் மூன்று பேஸ்காரர்களைப் பார்த்த மனிதர்!

#5 வேங்கார்டு படிக்கட்டு

ஆஹா, லஃபாரோ பேச்சு வந்தாச்சு, இனி நான் தூங்கின மாதிரிதான்.

ஒத்தைக்காது, உங்க கெட்ட நேரம், செத்துப்போனது லஃபாரோ பக்கத்துக் காது. அந்த மனுஷன் டபுள் பேஸைக் கையில எடுத்ததே 18 வயசுல. அதுக்கு முன்னாடி கிளாரினெட், சாக்ஸபோன். அப்பா வயலின்காரர். 25 வயசுல ஆள் போயாச்சு. மொத்தக் கணக்கே ஏழு வருஷம். அந்த ஏழு வருஷத்துல டபுள் பேஸ் வாசிக்கிற முறையையே மாத்திப்போட்டுட்டுப் போயிட்டார்.

அதுவரைக்கும் பேஸோட வேலை என்ன? நாலு அடித் தாளத்துக்கு அடிக்கு ஒரு சுரம், டும் டும் டும் டும்னு நடந்துகிட்டே இருக்கணும். அதுக்குப் பேரே 'வாக்கிங்'. மத்தவங்க அது மேல ஏறி ஆடுவாங்க. லஃபாரோ நடக்க மாட்டேன்னுட்டார். பில் எவன்ஸ் பியானோவுல ஒரு வாக்கியம் சொன்னா, இவர் கீழேயிருந்து பதில் சொல்வார். சில நேரம் பதிலுக்குக் கூடக் காத்திருக்கிறதில்ல, குறுக்கே பேசுவார். எவன்ஸ், லஃபாரோ, டிரம்ஸ்ல பால் மோஷியன், மூணு பேரும் ஒரே டேபிள்ல உக்காந்து பேசுற மாதிரி.

1961 ஜூன் 25, ஞாயித்துக்கிழமை. நியூயார்க் செவன்த் அவென்யூவுல 'வில்லேஜ் வேங்கார்டு', படியிறங்கிப் போற பேஸ்மென்ட் கிளப். மத்தியானம் ரெண்டு சுற்று, ராத்திரி மூணு சுற்று. ரிவர்சைடு ரெக்கார்டு கம்பெனியோட ஓரின் கீப்நியூஸ் எல்லாத்தையும் பதிவு பண்ணிட்டார். முதல் பாட்டு லஃபாரோ எழுதின 'குளோரியாஸ் ஸ்டெப்'. பாதியில கரன்ட் போயிடுச்சு! முழுத் தொகுப்பு வாங்கினா அந்த ஓட்டையோடவே கேட்கலாம். கிளாஸ் மோதுற சத்தம், யாரோ ஒரு பொண்ணு சிரிக்கிறது, எல்லாம் இருக்கு. பின்னாடி உக்காந்து பேசிட்டிருந்த அந்த ஜனங்க மேல எனக்கு இன்னிக்கும் ஒரு பொறாமை கலந்த கோபம். அடப்பாவிங்களா, முன்னாடி என்ன நடக்குதுன்னு தெரியுமா உங்களுக்கு?

அன்னிக்கு ராத்திரி கடைசியா வாசிச்சது 'ஜேட் விஷன்ஸ்'. அதுவும் லஃபாரோவோடதுதான். ஒன்பது எண்ணிக்கையில போகும். ரெண்டு தந்தியைச் சேர்த்து மீட்டி, மெதுவா, யாரையும் எழுப்பிடக்கூடாதுங்கிற மாதிரி.

ஜூலை தொடக்கத்துல நியூபோர்ட் ஜாஸ் விழாவுல சாக்ஸபோன்காரர் ஸ்டான் கெட்ஸோட வாசிச்சார். ஜூலை 6, சொந்த ஊரான ஜெனீவா பக்கத்து ரோட்டுல (சுவிஸ் இல்ல, நியூயார்க் மாநிலத்துல ஒரு ஊர்) கார் மரத்துல மோதி முடிஞ்சது. வேங்கார்டு ராத்திரிக்குப் பதினொரு நாள் கழிச்சு. எவன்ஸ் மாசக்கணக்கா பியானோ பக்கமே போகல.

'ஃப்ரீ ஜாஸ்' ஆல்பம் கடைக்கு வந்தது அதுக்கப்புறம்தான். அட்டையைக்கூட அவர் பார்த்திருக்க மாட்டார்.

#6 ஷெனண்டோவா

படிக்கட்டு அண்ணா, உங்க அன்புக்குத் தலை வணங்குறேன். ஆனா ஒண்ணு கேட்டே ஆகணும். லஃபாரோ ஒரு நிமிஷம் சும்மா இருக்கவே மாட்டாரா? எவன்ஸ் ஒரு ராகத்தை இழைச்சு இழைச்சு வாசிக்கிறப்ப கீழே குறுகுறுன்னு ஏதாவது ஓடிக்கிட்டே இருக்கு. சாப்பிடறப்ப பக்கத்து இலையில கை வைக்கிற சொந்தக்காரர் மாதிரி.

ஹேடனைக் கேளுங்க. ஒரு சுரம் எடுப்பார், அடியில இருக்கிற கனமான சுரம். அது தானா ஓயுற வரைக்கும் விட்டுடுவார். அடுத்தது எப்ப வரும்னு நீங்க காத்திருக்கணும்.

அவர் வந்த வழியே வேற. 1937ல அயோவா மாநிலத்துல ஷெனண்டோவாங்கிற சின்ன ஊர். குடும்பமே ரேடியோவுல நாட்டுப்புறப் பாட்டு பாடின குடும்பம். ரெண்டு வயசு முடியறதுக்குள்ள 'கவ்பாய் சார்லி'ன்னு மைக் முன்னாடி நிறுத்திட்டாங்க. 15 வயசுல போலியோ. தொண்டையிலயும் முகத்துலயும் தாக்குச்சு, பாட்டு அதோட போச்சு. அண்ணனோட பேஸ் வீட்டுல கிடந்தது, அதை எடுத்துக்கிட்டார். பாடற குரல் போனவன் வாசிக்கிற பேஸ் அது. அதனாலதான் அது ஓடாது, பாடும்.

'ராம்ப்ளின்'னு 1959ல ஆர்னெட்டோட ஒரு பதிவு. அதுல ஹேடனோட தனி ஆவர்த்தனத்துல திடீர்னு பழைய கிராமத்து டியூன் ஒண்ணு எட்டிப் பார்க்கும். உலகமே 'இது என்ன புதுசா புரட்சி'ன்னு கத்துற இசைக்கு நடுவுல, அப்பா அம்மாவோட ரேடியோவுல பாடின பாட்டு! அந்தத் துணுக்கை இங்கிலாந்துல இயன் டியூரி எடுத்து ராக் பாட்டாவே பண்ணி பிரபலமாயிட்டார். பின்னாடி ஹேடன்கிட்ட மன்னிப்புக் கேட்டப்ப, 'நானே நாட்டுப்புறப் பாட்டுல இருந்து எடுத்ததுதானே'ன்னாராம்.

#7 வேங்கார்டு படிக்கட்டு

பக்கத்து இலையா! தம்பி, இதுக்கு நான் பதில் சொல்லப்போறதில்ல. பதில் சொல்லப்போறதில்லன்னு சொல்லிட்டே ஒண்ணு. லஃபாரோ குறுக்கே பேசுறது மரியாதை இல்லாம இல்ல, எவன்ஸ் அந்த இடத்தைக் காலியா விட்டதால. எவன்ஸ் இடது கையால கார்டு (சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டம்) பிடிக்கிறப்ப அடிச்சுரத்தை வேணும்னே விட்டுடுவார். அந்த அடிச்சுரம்தான் பேஸுக்கு உரியது. அதை எப்ப வைக்கணும், வைக்கணுமா வேண்டாமான்னு முடிவு பண்ற சுதந்திரம் லஃபாரோவுக்கு. சொந்தக்காரர் கை வைக்கல, இலை போட்டுக் கூப்பிட்டு உக்கார வச்சிருக்காங்க.

#8 நாலு தந்தி

ரெண்டு பேரும் நல்லா சண்டை போடுறீங்க. நான் வாசிக்கிறவன், கை வலியிலேர்ந்து கொஞ்சம் சொல்றேன்.

20 வருஷமா பேஸ் கிடார்தான் வாசிக்கிறேன், கல்யாணக் கச்சேரி, சர்ச், எல்லாம். ஒரு தடவை எங்க சர்ச் மாடியில துணி போட்டு மூடி வச்சிருந்த பழைய டபுள் பேஸ் ஒண்ணைக் கண்டுபிடிச்சேன். வெள்ளைக்காரன் காலத்துதுன்னு சொன்னாங்க. என்னைவிட உயரம். இறக்குறதுக்கே நாலு பேர். தந்தியில ஒண்ணு மட்டும் இன்னும் ஆட்டுக்குடல் தந்தி, மஞ்சளா, கொஞ்சம் பிசுபிசுன்னு. ஆசையா மீட்டினேன். பத்தாவது நிமிஷம் ஆள்காட்டி விரல்ல கொப்புளம். இருபதாவது நிமிஷம் கொப்புளம் உடைஞ்சு தந்தியில ரத்தம். மழை நாள் வேற, சுருதி சேர்த்துட்டுத் திரும்பறதுக்குள்ள தந்தி எங்கேயோ போயிடும்.

அப்பத்தான் ஒரு விஷயம் புரிஞ்சது. வீணையில குதிரைன்னு சொல்றோம்ல, அதே மாதிரி இதுலயும் தந்தியைத் தூக்கிப் பிடிக்கிற குதிரை உண்டு. அது உயரமா இருந்தா தந்திக்கும் பலகைக்கும் நடுவுல நல்ல இடைவெளி. ஓங்கி இழுக்கலாம், மைக் இல்லாமலே ஹால் முழுக்கக் கேட்கும். ஆனா விரலால அழுத்தறது தம் கட்டற வேலை, வேகமா ஓட முடியாது. பெரிய பேண்டுல டிரம்பெட் கூட்டத்துக்கு நடுவுல வாசிச்ச அந்தக்கால ஆளுங்க எல்லாம் அப்படித்தான் வச்சிருந்தாங்க.

லஃபாரோ குதிரையை இறக்கிட்டார். தந்தி பலகையோட ஒட்டி நிக்கும். வலது கையில ஒரு விரலுக்குப் பதிலா ரெண்டு விரலை மாத்தி மாத்தி மீட்டறது. அதை ரெட் மிட்செல்னு இன்னொரு பேஸ்காரர்கிட்ட கத்துக்கிட்டது. வேகம் வந்தாச்சு. ஆனா சத்தம் குறைஞ்சிடும்! அதனால கூட வாசிக்கிறவங்க அடக்கி வாசிச்சாத்தான் இந்த வித்தையே வெளியில கேட்கும். எவன்ஸ் சன்னமா வாசிக்கிறவர், மோஷியன் பாதி நேரம் பிரஷ்ஷால தடவிட்டு இருப்பார். வேற ஒரு முரட்டு டிரம்மர்கிட்ட மாட்டியிருந்தா லஃபாரோவோட பாதி சுரம் நமக்குக் காதுலயே விழுந்திருக்காது.

ஹேடனும் சும்மா இருந்து வாசிச்சிட்டார்னு நினைக்காதீங்க. பியானோ இருந்தா, 'இப்ப இந்தக் கார்டு, நாலு பார் (நாலு தாளச் சுற்று) கழிச்சு அந்தக் கார்டு'ன்னு தடம் போட்டுக் கொடுக்கும். ஆர்னெட்டோட வாசிக்கிறப்ப பியானோ இல்ல, பார் கணக்கும் கிடையாது. எட்டு பார்னு நினைச்சா எட்டரையில திரும்பிடுவார். அவர் எங்க திரும்புறார்னு அந்த நொடியில காதுல வாங்கி, அந்தச் சுரத்துக்கு அடியில சரியான சுரத்தை வைக்கணும். கொஞ்சம் தப்பினா ரெண்டு பேரும் வேற வேற பாட்டு. நான் முயற்சி பண்ணியிருக்கேன், ரெக்கார்டு கூடவே வாசிச்சு. ஒரு நிமிஷம் தாக்குப் பிடிக்கல.

#9 பூபாளம்77

நாலு தந்தி சார், பேஸ் பேஸ்னு பேசுறீங்களே, நம்ம ராஜா சார் பாட்டுல வர்ற பேஸ் லைன் இதுக்கெல்லாம் குறைஞ்சதா? 80கள்ல பேஸ் கிடாரைத் தனியா ஒரு பாட்டு பாட வச்சவர் அவர்தானே.

#10 நாலு தந்தி

குறைஞ்சதுன்னு யார் சொன்னா சார், என் சோறே அதுதான். ஆனா அது எழுதி வச்சு வாசிக்கிற பேஸ். இங்க பேசிட்டிருக்கிறது அந்த நிமிஷத்துல பிறக்கிறது. ரெண்டுக்கும் போட்டி வைக்க வேண்டாம், தனி இழை தொடங்குங்க, முதல் ஆளா வர்றேன்.

#11 மட்டுறுத்துநர்

ராஜா விவாதம் தனி இழைக்கு மாற்றப்பட்டது. அங்கே ஏற்கெனவே 140 பதிவுகள் உள்ளன. இங்கே டபுள் பேஸ் மட்டும்.

#12 நேர்வழி

எல்லாம் சரி. ஆனா போதைக்கு அடிமையான ஆளை இப்படித் தூக்கிவச்சுப் பேசணுமா? ஹேடன், எவன்ஸ், ஹிக்கின்ஸ், யாரை எடுத்தாலும் இதே கதை.

#13 ஷெனண்டோவா

நேர்வழி சார், யாரும் போதையைத் தூக்கிவைக்கல. அந்தப் பழக்கம் ஹேடனோட சில வருஷத்தை முழுசா தின்னுச்சு. நல்ல வேலை போச்சு, வாசிச்சிருக்க வேண்டிய பதிவெல்லாம் போச்சு. மறுவாழ்வு இல்லத்துல சேர்ந்து வெளிய வந்து திரும்ப ஆர்னெட்டோட வாசிச்சார். 1982ல கால்ஆர்ட்ஸ் கல்லூரியில ஜாஸ் படிப்பைத் தொடங்கி, கடைசி வரைக்கும் பசங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். விழுந்த ஆள் எழுந்ததைச் சொல்றதுல என்ன தப்பு?

#14 நேர்வழி

எழுந்தது எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கிட்டேன்.

#15 பாரிஸ் பனி

வணக்கம். நான் இவ்வளவு நாளும் வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான், இதுக்கு எழுதாமல் இருக்க ஏலாமல் போச்சுது.

ஹேடனைப் பற்றிக் கதைக்கேக்க லிஸ்பன் கதையை விடக்கூடாது. 1971 நவம்பர். போர்த்துக்கல் அப்ப சர்வாதிகார ஆட்சிக்குக் கீழ, அங்கோலாவிலயும் மொசாம்பிக்கிலயும் கினியாவிலயும் விடுதலைக்காரரோட சண்டை நடந்துகொண்டிருக்குது. லிஸ்பனுக்குக் கிட்ட இருக்கிற கஸ்காயிசில முதலாவது ஜாஸ் விழா. ஆர்னெட்டின்ர குழு மேடையில. ஹேடன் தன்ர 'சோங் ஃபோர் சே'யை வாசிக்க முன்னம் மைக்கில சொல்லுறார், இந்தப் பாட்டு அந்த மூண்டு நாட்டு விடுதலை இயக்கங்களுக்கும் எண்டு. வேற நாட்டுக்காரன், விருந்தாளியா வந்தவன், அந்த ஊர் அரசாங்கத்தின்ர மூஞ்சைக்கு நேர! சனம் எழும்பிக் கத்தின கத்தில பாட்டே சரியாக் கேக்கேல்லையாம்.

அடுத்த நாள் விமானநிலையத்தில வைச்சு இரகசியப் பொலிஸ் ஆளைப் பிடிச்சுக்கொண்டு போய் விசாரிச்சது. அமெரிக்கத் தூதரக ஆள் வந்து எடுத்துவிட்டதாலதான் தப்பினவர். 1974 ஏப்ரலில அந்த ஆட்சி விழுந்துது. 1976இல 'குளோஸ்னஸ்' எண்ட இசைத்தட்டில 'ஃபோர் எ ஃப்ரீ போர்த்துக்கல்' எண்டு ஒண்டு இருக்கு. அதில அண்டைக்கு மேடையில சொன்ன அந்தச் சொல்லையும் பதிவில இருந்து எடுத்துச் சேர்த்திருக்கிறார்.

எங்கட ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. மைக்கில ஒரு வசனம் சொல்லுறதுக்கு என்ன விலை எண்டு எங்களுக்குத் தெரியும்.

#16 செவிவழி

பாரிஸ் பனி, நன்றி. அந்தச் 'சோங் ஃபோர் சே' முதலில் வந்தது 1969இல் ஹேடன் அமைத்த 'லிபரேஷன் மியூசிக் ஆர்கெஸ்ட்ரா'வில். இசை அமைப்பில் கார்லா பிளே கைகொடுத்தார். ஸ்பானிய உள்நாட்டுப் போர்ப் பாடல்களை ஜாஸ்காரர்கள் கூடி வாசித்த ஆல்பம்.

பேஸ்காரர்கள் பலருக்கும் வாய் கொஞ்சம் நீளம் என்பது என் அனுபவம். சார்லஸ் மிங்கஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்கன்சா ஆளுநர் ஃபாபஸ், கறுப்பினப் பிள்ளைகள் பள்ளிக்குள் வராமல் தடுக்கப் படையை நிறுத்தியவர். அவரைக் கேலிசெய்து மிங்கஸ் பாட்டுக் கட்டினார். 1959இல் கொலம்பியா நிறுவனத்துக்காகப் பதிவானபோது சொற்கள் இல்லை, இசை மட்டும். மறு ஆண்டு வேறொரு சிறு நிறுவனத்தில் சொற்களோடு பாடித் தீர்த்தார். பின்னால் நிற்கிற ஆள் என்றுதான் பெயர்.

#17 பூபாளம்77

மிங்கஸ்னதும் ஞாபகம் வருது, மட்டுறுத்துநர் கோவிச்சுக்கக் கூடாது. 1963ல மிங்கஸ் ஆல்பத்துல ஆல்டோ சாக்ஸபோன் வாசிச்ச சார்லி மரியானோ பின்னாடி இந்தியா வந்து நாகஸ்வரம் கத்துக்கிட்டார். ஜாஸ் ரெக்கார்டுலயே நாகஸ்வரம் வாசிச்சிருக்கார். சரி, நான் கிளம்பறேன்.

#18 மட்டுறுத்துநர்

இது நல்ல தகவல். அனுமதி.

#19 சில்லறை

ஒரு சந்தேகம். பேஸ்காரங்களுக்கு ஆயுள் கம்மியா? லஃபாரோ 25. டியூக் எலிங்டனோட ஜாஸ் குழுவுல பேஸைத் தனி வாத்தியமா நிமிர வச்ச ஜிம்மி பிளான்டன் காசநோயில போனப்ப 23. டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸோட வாசிச்ச பால் சேம்பர்ஸ் 33.

#20 நாலு தந்தி

மில்ட் ஹின்டன் 90 வயசு. ரான் கார்ட்டர் பிறந்தது 1937, ஹேடன் பிறந்த அதே வருஷம். 2,200 பதிவுக்கு மேல வாசிச்சிருக்கார்னு 2015ல கின்னஸ்ல ஏத்தினாங்க. பேஸுக்கும் ஆயுளுக்கும் சம்பந்தமில்ல தம்பி. முதுகு வலிக்கும் பேஸுக்கும் கேளுங்க, சொல்றேன்.

#21 வேங்கார்டு படிக்கட்டு

ஆயுள் பத்தினா ஒண்ணு சொல்லணும். லஃபாரோவோட பேஸும் அந்தக் கார்லதான் இருந்தது. 1825 வாக்குல நியூ ஹாம்ப்ஷயர்ல ஆபிரகாம் பிரெஸ்காட் செஞ்ச பேஸ். விபத்துல நொறுங்கிப்போச்சு. பின்னாடி கோல்ஸ்டைன்னு வாத்தியம் செய்யற குடும்பம் ஒண்ணு அதை வாங்கி, பொறுமையா ஒட்டிச் சேர்த்து உயிர் கொடுத்தாங்க. 2014ல அந்தக் குடும்பம் அதைப் பன்னாட்டு பேஸ் கலைஞர்கள் சங்கத்துக்கே கொடுத்துட்டாங்க.

அவருக்குப் பின்னாடி எவன்ஸோட வாசிச்ச சக் இஸ்ரேல்ஸ், எடி கோமஸ், மார்க் ஜான்சன், மூணு பேருமே லஃபாரோ போட்ட தடத்தை மிதிக்காம நடக்க முடியல. நான் குறையா சொல்லல. கோமஸ் 11 வருஷம் இருந்தார், எவன்ஸோட அதிக நாள் வாசிச்சவர் அவர்தான். ஆனாலும் கேட்கிற நம்ம காது லஃபாரோவைத் தேடுது. பாவம் அவங்க.

#22 செவிவழி

ஷெனண்டோவாவும் படிக்கட்டும் இரண்டு நாளாக மல்லுக்கட்டுகிறீர்கள். இருவரையும் பக்கத்தில் நின்று கேட்ட ஒருவரை யாரும் சாட்சிக்கு அழைக்கவில்லையே!

பால் மோஷியன். வேங்கார்டில் லஃபாரோவுக்குப் பக்கத்தில் பிரஷ் பிடித்து உட்கார்ந்திருந்தவர். அதே மோஷியன்தான் 1969இல் ஹேடனின் லிபரேஷன் ஆர்கெஸ்ட்ராவிலும் டிரம்ஸ். எழுபதுகளில் பியானோ கலைஞர் கீத் ஜாரட்டின் நால்வர் குழுவில் ஹேடனும் இவரும்தான் அடித்தளம். பாரிஸ் பனி சொன்ன அந்தப் போர்த்துக்கல் பதிவிலும் ஹேடனோடு இணைந்து வாசித்தவர் இவரே. எண்பதுகளில் ஜெரி ஆலன் பியானோவோடு மறுபடியும் அதே ஜோடி.

இருவரோடும் அவர் வாசித்ததை அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். லஃபாரோ ஓடுகிற இடங்களில் மோஷியன் தாளத்தைக் கோடுபோட்டுக் காட்டமாட்டார், ஒரு சிம்பல் சிலிர்ப்பு, பிறகு மௌனம். லஃபாரோவின் சுரங்கள் நடுவில் விழட்டும் என்று. ஹேடனோடு வரும்போது கதை மாறுகிறது. கீழே ஒரு சுரம் கல்லாகக் கிடப்பதால், டிரம்ஸ்தான் ஓடுகிறது, உருட்டுகிறது, குறும்பு செய்கிறது. ஒரே ஆள், இரண்டு நடத்தை. பேஸ் பிடித்திருப்பவர் யார் என்பதை டிரம்ஸைக் கேட்டே சொல்லிவிடலாம் என்பேன். கொஞ்சம் மிகைதான், ஆனால் முயன்று பாருங்கள்.

#23 ஷெனண்டோவா

ஐயா, இதை நான் யோசிச்சதே இல்ல. ராத்திரி ரெண்டையும் மாத்தி மாத்திக் கேட்டேன். லஃபாரோ சும்மா இருக்க மாட்டேங்கிறார்னு சொன்னதைப் பாதி வாபஸ் வாங்கிக்கிறேன். பாதி மட்டும்.

ஒண்ணு சேர்த்துக்கிறேன். ஹேடனுக்குக் கடைசிக் காலத்துல காதுல ஓயாத இரைச்சல், சத்தம் தாங்காத கோளாறு. மேடையில டிரம்ஸுக்கும் தனக்கும் நடுவுல கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தடுப்பு வச்சுக்கிட்டுத்தான் வாசிப்பார். அப்படியும் 2007ல கீத் ஜாரட்டோட டிரம்ஸே இல்லாம ரெண்டே பேரா வாசிச்சதுதான் 'ஜாஸ்மின்'. பேஸை எங்கே நிறுத்தணும்னு அவருக்குத் தெரிஞ்ச அளவுக்கு வேற யாருக்கும் தெரியாது. 2008ல பிள்ளைங்களோட சேர்ந்து நாட்டுப்புற ஆல்பம் ஒண்ணு. கடைசிப் பாட்டுல அவரே பாடுவார். போலியோ தின்ன அந்தக் குரல்ல. நடுங்குது, கரகரங்குது. நான் முழுசா ஒரு தடவைதான் கேட்டிருக்கேன்.

#24 வேங்கார்டு படிக்கட்டு

பாதி வாபஸ் ஏற்கப்பட்டது. பதிலுக்கு நானும் ஒண்ணு ஒத்துக்கிறேன். 'ராம்ப்ளின்' தனி ஆவர்த்தனம் நேத்துதான் ஒழுங்கா உக்காந்து கேட்டேன். ஏழு தடவை.

#25 ஒத்தைக்காது

மன்னிக்கணும், சம்பளம் வர்ற வரைக்கும் காத்திருந்து இப்பத்தான் புது இயர்போன் வாங்கினேன். எல்லாத்தையும் படிச்சுட்டுதான் கேட்டேன்.

முதல்ல நேர்மையா ஒண்ணு, ரெண்டு காதுலயும் கேட்டதும் தலை சுத்திடுச்சு. எட்டுப் பேர் ஒரே நேரத்துல. மூணு வாரமா நாலு பேரோட குடும்பம் நடத்தினவனுக்கு நாலு பேர் விருந்தாளியா வந்து இறங்கின மாதிரி. பத்து நிமிஷம் கழிச்சுத்தான் காது பழகுச்சு. ஆர்னெட் தள்ளி நிக்கல, நடு ஹால்ல நிக்கிறார்.

கடைசிப் பக்கம், டிரம்ஸ் தனி வர்றதுக்கு முன்னாடி, ரெண்டு பேஸும் வர்ற இடம் இருக்கே, அங்க பஸ் எந்த ஸ்டாப்ல நிக்குதுன்னே தெரியல. இடது பக்கம் மேல மேல ஏறி ஓடுது, கிடார் மாதிரி. வலது பக்கம் என் ஆள், கீழேயே நின்னு, தந்தியைச் சேர்த்து வருடிக்கிட்டு. ரெண்டு பேஸ் எதுக்குன்னு கேட்டேன்ல, அந்தக் கேள்வியை வாபஸ் வாங்கறேன், முழுசா.

இன்னிக்குக் காலையில ஒண்ணு நடந்தது. பஸ்ல இடிபாடு, அவசரமா இயர்போனை மாட்டிக் கேட்டுட்டே வர்றேன். அஞ்சாறு நிமிஷம் போயிருக்கும். இடது காதுல ஒரு சுரம் விழுந்தது, கனமா, ஓயற வரைக்கும் அப்படியே கிடந்தது. அட, இது ஹேடன் ஆச்சே, இந்தப் பக்கம் எப்படி வந்தார்னு கழட்டிப் பார்த்தேன். அவசரத்துல வலது காதுக்கு உரியதை இடது காதுல மாட்டியிருக்கேன்.